ஜாலிக்குக் கீழே ஒரு ஜாலி டூர்

ஆம்பூரில் ஒரு வீட்டு பாத்ரூமில் அழுகிய முட்டை வாடை அடித்தால் முதலில் பிடிபடுவது டேனரிதான். "காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சு போல" என்று யாராவது சொல்வார்கள், இன்னொருவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். சாத்தியதும் வாடை இரண்டு மடங்காகும். அப்போதாவது சந்தேகம் வர வேண்டுமே? வராது! ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுக ஊர் ஊராகத் தோல் பதனிடும் பூமி இது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்கள் இந்தப் பக்கம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்கள் "என்ன வாடை? எங்க?" என்று அப்பாவியாகக் கேட்பார்கள். இப்படிப்பட்ட ஊரில், குற்றவாளி தன் காலுக்கு நேர் கீழே, குளிக்கும் இடத்தின் மூலையில், ஐந்து அங்குல ஸ்டீல் ஜாலிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று யார் நினைப்பார்கள்?

டேனரி யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் பின்னால் போகப்போகிறோம். திரை எது என்று கேட்டால், அந்த ஜாலிதான்!

தூக்கியாயிற்றா? முகத்தைச் சுளிக்காதீர்கள், இது வீட்டின் மிகச் சுவாரசியமான இடம். முதலில் வருவது முடி. உங்கள் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு நீளம், யாருக்கு மருதாணி, யாருக்கு டை என்று ஒரு குடும்ப வரலாறே சுருண்டு கிடக்கும். முடியோடு பின்னிக்கொண்டு ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலை, ஒரு ஊக்கு, சோப்பின் கடைசி வில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் போன தீபாவளிக்குக் காணாமல் போய், வேலைக்கார அம்மாவின் மேல் சந்தேகம் விழுந்த தோட்டுத் திருகாணி! இதற்கெல்லாம் கீழே கருப்பாக, வழுவழுவென்று ஒரு படலம் இருக்கும். விரலால் தொட வேண்டாம், பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டிப் பாருங்கள். அழுக்கு மாதிரி தெரிந்தாலும் அது உயிருள்ள ஒரு கூட்டம். சோப்பு, உடம்பின் எண்ணெய், உதிர்ந்த தோல் எல்லாம் தின்று வாழும் பாக்டீரியாக்கள். பல வீடுகளில் வாடைக்குக் காரணம் இந்தக் கூட்டம் மட்டும்தான். அடியில் இருக்கும் சாக்கடையைக் குறை சொல்லவே தேவையில்லை. பிரஷ், கொஞ்சம் சோப்புத்தூள், இரண்டு வாளி தண்ணீர். ஐந்து நிமிஷ வேலை. பிளம்பருக்குப் போன் போடும் முன் இதைச் செய்தால் காசு மிச்சம்.

வாடை இன்னும் போகவில்லையா? அப்படியானால் இன்னும் கீழே போவோம், அங்கேதான் கதாநாயகன் இருக்கிறார். டார்ச்சை நேராக அடியுங்கள். உள்ளே பளபளவென்று ஏதாவது மின்னுகிறதா? மின்னினால் அது தண்ணீர். நீங்கள் பிழைத்தீர்கள். மின்னாமல் வெறும் இருட்டுக் குழி தெரிந்தால், உங்கள் பாத்ரூமும் தெருச் சாக்கடையும் ஒரே அறை என்று பொருள்.

இந்தக் குழிக்குப் பிளம்பர்கள் வைத்திருக்கும் பெயர் நானி டிராப். ஹார்டுவேர் கடை பில்லில் நஹானி டிராப் என்று எழுதியிருக்கும். பெயரைப் பார்த்து ஏதோ பெரிய இயந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வளைவு, அவ்வளவுதான். குழாய் கீழே போய், கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கும். அந்தப் பள்ளத்தில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கி நிற்கும். நீங்கள் குளித்த தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும், கடைசியாக வந்த தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் காற்றால் அந்தத் தண்ணீரைத் தாண்டி வர முடியாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைப் போல. வீட்டு ஆட்கள் வெளியே போகலாம், வெளி ஆள் உள்ளே வர முடியாது. மோட்டார் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. வெறும் தண்ணீர்! நம் நாட்டுக் கட்டட விதிகள் இந்த நீர்த்தடுப்புக்குக் கேட்பது குறைந்தது 50 மில்லிமீட்டர். வீடு கட்ட முப்பது லட்சம் செலவழித்தவரின் மானம் இந்த 50 மில்லிமீட்டரில் நிற்கிறது.

பிளம்பிங் தெரிந்தவர்களோடு பேசினால் ஒரு விஷயம் புரியும். நாமெல்லாம் வடிகால் என்றால் தண்ணீர் சீக்கிரம் ஓடிவிட வேண்டும் என்று நினைக்கிறோம். அவர்கள் கவலையோ ஓடுகிற தண்ணீரைப் பற்றி இல்லை, நிற்கிற தண்ணீரைப் பற்றி.

இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று பார்த்தால் இன்னும் குதூகலம். அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர். தொழில்? கடிகாரம் செய்வது! லண்டனில் கடை வைத்திருந்த அவர் 1775-இல், கழிப்பறைக்குக் கீழே எஸ் வடிவத்தில் குழாயை வளைத்து அதற்கு ஒரு காப்புரிமையும் வாங்கினார். அந்த வருஷம் மைசூரில் ஹைதர் அலி ஆண்டுகொண்டிருந்தார், ஆம்பூர்க் கோட்டையை அவர் முற்றுகையிட்டு எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பீரங்கி மாறிவிட்டது, கோட்டை மாறிவிட்டது. கம்மிங்கின் வளைவு மட்டும் இன்று வேலூர் சத்துவாச்சாரியில் கட்டும் புது ஃபிளாட்டிலும் அப்படியே இருக்கிறது.

நம் பாட்டி காலத்தில் இந்த வம்பெல்லாம் இல்லை. குளிக்கிற இடம் கொல்லையில், தண்ணீர் நேரே வாழை மரத்துக்கு. குழாய் சாக்கடையோடு சேரவே இல்லையென்றால் வாடை எப்படி வரும்? பாத்ரூமை வீட்டுக்குள் கொண்டுவந்து, படுக்கை அறையோடு ஒட்டவைத்து, "அட்டாச்டு" என்று பெருமைப்பட்டோமே, அன்றைக்குத் தொடங்கியது வினை. அதிலும் நெருக்கமான சந்துகளில் பல வீடுகளில் டாய்லெட்டுக்கு மட்டும் செப்டிக் டேங்க், குளிக்கும் தண்ணீருக்கு ஒரு நேர்க் குழாய், அது போய் விழுவது தெருச் சாக்கடையில். டிராப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் குழாய் வழியாக வாடை மட்டும்தானா வரும்? கரப்பான் வரும், எலி வரும். சில இடங்களில் பெருச்சாளியே தலையை நீட்டி நலம் விசாரித்துவிட்டுப் போகும்!

சரி, டிராப் இருக்கிறது. ஆனால் தண்ணீர் இல்லை. எங்கே போயிற்று?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. சாமி விஷயத்தில் 1981-இலேயே பதில் கிடைத்துவிட்டது, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்து அமர்ந்துவிட்டார். பாலாறு இன்னும் பெரும்பாலான நாள் மணல்தான். அந்தப் பட்டியலில் நான் ஒன்று சேர்க்கிறேன்: தண்ணீர் இல்லாத டிராப். வேலூரை வெயிலூர் என்று கூப்பிடுவது சும்மா இல்லை. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. அந்தச் சூட்டில் இரண்டு அங்குலத் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்? பூட்டிக்கிடக்கும் பாத்ரூமில் சில வாரங்களில் ஆவியாகிவிடும். விருந்தாளி பாத்ரூம், மாடியில் யாரும் போகாத பாத்ரூம், துபாயில் இருக்கும் மகனுக்காகக் கட்டி வைத்த மேல் போர்ஷன், எல்லாவற்றிலும் இதே கதை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்களை நம்பி எத்தனையோ லாட்ஜுகள் இருக்கின்றன. கூட்டம் குறைந்த நாட்களில் காலியாகக் கிடக்கும் அறையைத் திறந்ததும் குப்பென்று அடிக்கிறதே, அதைப் போக்க ரூம் ஸ்பிரேயைத் தேடுகிறார்கள். வேண்டியது ஒரு வாளி தண்ணீர்!

வெயில் ஒன்றுதான் திருடன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்த திருடன் வேறொருவன்: ஒரு நீளமான முடி. அல்லது துணியிலிருந்து பிரிந்த ஒரு நூல். அதன் ஒரு முனை டிராப் தண்ணீரில் முங்கியிருக்கும், மறுமுனை வளைவைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற அதே விதியில், ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைக் கடத்திக்கொண்டே இருக்கும். காலையில் குளித்தபோது நிறைந்த டிராப் மறுநாள் காலை காலி. வீட்டுக்காரர் மேஸ்திரியைத் திட்டுவார், மேஸ்திரி பிளம்பரைத் திட்டுவார். முடி அமைதியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, சத்தம் போட்டுத் திருடும் வகை. மாடி வீட்டில் ஃப்ளஷ் அழுத்தியதும் உங்கள் பாத்ரூம் மூலையில் "குளுக்… குளுக்…" என்று கேட்கிறதா? மேலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர் போகிற போக்கில் குழாயிலுள்ள காற்றையும் இழுக்கிறது. காற்று வர வேறு வழி இல்லையென்றால், உங்கள் டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். காற்றுக்கென்று தனிக்குழாய் வைக்காமல் மிச்சம் பிடித்த கட்டடங்களில் தினமும் இந்தக் கச்சேரிதான்.

அப்புறம் நாமே செய்யும் திருட்டு. ஜாலிக்குக் கீழே கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு கப் இருக்கும் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கப்புதான் டிராப். அதில் நிற்கும் தண்ணீரின் ஆழம் முதலிலேயே குறைவு. "தண்ணி மெதுவா போகுது" என்று யாரோ அதைக் கழற்றி, பத்திரமாகப் பரண் மேல் வைத்திருப்பார்கள். தண்ணீர் ஜோராகப் போகும். எதிர்த் திசையில் சாக்கடைக் காற்றும் ஜோராக வரும்.

இதெல்லாம் வெறும் மூக்குப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் ஹாங்காங் வரை என்னோடு வர வேண்டும். 2003 மார்ச், சார்ஸ் காலம். ஆமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. வயிற்றுப்போக்கோடு இருந்த ஒரு நோயாளி அங்கே ஒரு வீட்டுக்கு வந்து போனார். சில வாரங்களில் அந்தக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் தொற்றியது, 42 பேர் இறந்தார்கள். ஹாங்காங் சுகாதாரத் துறை துப்பறிந்து போய் நின்ற இடம் பாத்ரூம் தரை வடிகால்! அங்கே பல வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் இல்லை, ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. அதனால் டிராப்புகள் காய்ந்து கிடந்தன. கதவை மூடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், அது குழாயிலிருந்த காற்றை நுண்துளிகளோடு சேர்த்து அறைக்குள் இழுத்தது. வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துக் கழுவும் நம் அம்மாக்களைத் தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று சொல்லும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். இப்போது நம் வீடுகளிலும் வைப்பரும் மாப்பும் வந்துவிட்டன, எக்ஸாஸ்ட் ஃபேனும் வந்துவிட்டது. காய்ந்த டிராப்பும் ஓடும் ஃபேனும் சேர்ந்தால், வாடையைக் காசு கொடுத்து வரவழைக்கிறோம் என்று அர்த்தம்.

இனி டேனரிக்குப் போவோம். நம் பாத்ரூமில் தினமும் நடக்கும் ஒரு முட்டாள்தனத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்க என்ன செய்கிறார்கள்? சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊறப்போடுகிறார்கள். முடி கூழாகிக் கரைந்துவிடும். அந்தக் கலவை கடும் காரம், அதனால் அதிலுள்ள சல்பைடு தண்ணீரிலேயே அடங்கிக் கிடக்கும். பிறகு, குரோம் ஏற்றுவதற்கு முன், அதே தோலை உப்பும் கந்தக அமிலமும் கலந்த தொட்டியில் போடுகிறார்கள். இங்கே கடும் அமிலம். இப்போது யோசியுங்கள்: சுண்ணாம்புத் தொட்டியின் கழிவும் அமிலத் தொட்டியின் கழிவும் ஒரே வாய்க்காலில் சந்தித்தால்? அடங்கிக் கிடந்த சல்பைடு முழுவதும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகக் கிளம்பிவிடும். அழுகிய முட்டை வாடைக்குச் சொந்தக்காரன் அவன்தான். அதனால்தான் தொழில் தெரிந்த டேனரியில் அந்த இரண்டையும் சேரவிடாமல் தனித்தனி வாய்க்காலில் பிரித்து அனுப்புகிறார்கள்.

நம் வீட்டுக்கு வருவோம். ஜாலிக்குக் கீழே, குழாய் உள்சுவரில், கருப்புப் படலம் என்று பார்த்தோமே. காற்றுப்படாத ஆழத்தில் வாழும் அதன் உறவினர்கள் தண்ணீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகிறார்கள். இரும்போடு சேர்ந்து அது கருப்பாகிறது. வாடை வருகிறதென்றதும் நாம் என்ன செய்கிறோம்? மூலைக்கடையில் வாங்கிய பாத்ரூம் ஆசிட்டைக் கொட்டுகிறோம்! சுண்ணாம்புத் தொட்டிக் கழிவில் அமிலத்தை ஊற்றிய அதே வேலை, சின்ன அளவில். "ஆசிட் போட்டா இன்னும் நாறுதே, அழுக்கெல்லாம் வெளிய வருது போல" என்று சந்தோஷம் வேறு. அழுக்கு எங்கேயும் போகவில்லை, வாயு வெளியே வருகிறது. அது போதாதென்று மேலே பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது விளையாட்டில்லை. சிமென்ட் மூட்டையும் ஆசிட் தின்றுவிடும். பகலெல்லாம் டேனரியில் அமிலமும் சல்பைடும் சேராமல் காவல் காத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாத்ரூமில் ஆசிட் பாட்டிலைத் திறக்கிறவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வருகிறது.

மூக்கு நம்மை எச்சரிக்குமே என்று கேட்கலாம். எச்சரிக்கும், ஓரளவு வரை. இந்த வாயுவைக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே நம் மூக்கு பிடித்துவிடும், அபார மூக்கு! ஆனால் நூறு பங்கை எட்டும்போது வாசனை நரம்பு மரத்துப்போகிறது. வாடை குறைந்துவிட்டது என்று தோன்றும், ஆபத்து ஏறியிருக்கும். வீட்டு வடிகாலில் அந்த அளவு வராது. மூடிய கழிவுத் தொட்டிக்குள் வரும். தொட்டிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும், மூன்றாவது ஆளும் அடுத்தடுத்து விழுந்ததாகச் செய்தி வருவது இதனால்தான். பாதுகாப்பில்லாமல் ஆளை செப்டிக் டேங்கில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் கேலி செய்யப்போவதில்லை.

டேனரிகளின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் பாலாற்றங்கரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆம்பூரில் துத்திப்பட்டிலும் மாளிகைத்தோப்பிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அப்படியும் 2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்து பேர் இறந்தார்கள். ஆகவே டேனரிக்கு நற்சான்றிதழ் தர நான் யார்? உங்கள் பாத்ரூம் வாடைக்கு மட்டும் அதைக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்கிறேன்.

வாடை வெளியிலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு ரொம்ப ஜோர். ராத்திரி படுக்கும்முன் ஜாலியை பாலிதீன் பையால் மூடி, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள். காலையில் பாத்ரூமில் வாடை இல்லையென்றால் கள்ளன் பைக்குள் இருக்கிறான். பை கொஞ்சம் உப்பியிருந்தால் வாக்குமூலமே கொடுத்துவிட்டான்! இல்லையென்றால் ஊதுபத்தி. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை ஜாலிக்குப் பக்கத்தில் பிடியுங்கள். புகை ஜாலியிலிருந்து விலகி உங்களை நோக்கிச் சாய்ந்தால் காற்று கீழிருந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்காரப் பிளம்பர்கள் இன்னும் ரசனைக்காரர்கள். ஒருவர் கூரை மேல் ஏறி, குழாய் வாயில் புதினா எண்ணெயை வெந்நீரோடு ஊற்றுவார். இன்னொருவர் வீட்டுக்குள் அறை அறையாக மோந்துகொண்டே போவார். புதினா வாசம் வரும் இடத்தில் ஓட்டை! எண்ணெய் ஊற்றியவர் சோதனை முடியும் வரை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அவர் கையிலேயே வாசம் ஒட்டியிருக்குமே, துப்பு கெட்டுவிடும்.

மோப்பம் பிடிக்கும்போது வாஷ்பேசினுக்கு அடியிலும் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலும் குனிந்து பாருங்கள். அந்த மடிப்பு மடிப்பான வேஸ்ட் பைப்பைச் சுவரிலுள்ள பெரிய குழாய்க்குள் சும்மா செருகி வைத்திருப்பார்கள். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. ஜாலியில் என்ன வித்தை செய்தாலும் இந்த ஓட்டையை அடைக்காமல் பயனில்லை. ரப்பர் வாஷர் கடையில் கிடைக்கும், விலை ஒரு டீ காசுதான். பைப் நீளமாக இருந்தால் அதையே ஒரு சுற்று வளைத்துக் கம்பியால் கட்டுங்கள், வளைவில் தண்ணீர் நிற்கும். கம்மிங் காப்புரிமை வாங்கிய விஷயத்தை ஐந்து நிமிஷத்தில் கட்டிவிட்டீர்கள்!

பூட்டிய பாத்ரூமுக்கு வாரம் ஒருமுறை ஒரு வாளி. ஊருக்குப் போவதாக இருந்தால் வாளிக்குப் பிறகு இரண்டு ஸ்பூன் எண்ணெய். அது தண்ணீர் மேல் படர்ந்து ஆவியாவதைத் தடுக்கும். சமையல் எண்ணெய் நாளானால் சிக்கடிக்கும், தேங்காயெண்ணெய் மார்கழி ராத்திரியில் உறையும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டும் செய்யாது. மருந்துக்கடைக்காரர் மலச்சிக்கலா என்று கேட்பார். ஆமாம், பாத்ரூமுக்கு என்று சொல்லுங்கள். அடியில் டிராப்பே இல்லாத பழைய வீட்டில் தரையை உடைக்க மனமில்லையென்றால், கரப்பான் ஜாலி என்று விற்கும் ஸ்டீல் ஜாலியோ, தண்ணீர் விழும்போது மட்டும் திறந்து மூடிக்கொள்ளும் சிலிக்கான் குழலோ பொருத்தலாம். முடி சிக்கினால் அது வாயைத் திறந்தபடியே நின்றுவிடும், மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும். தரையை உடைக்கத் துணிந்தவர்கள் நல்ல ஆழமான டிராப் போட்டுவிடுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை.

சமையலறைக்கு ஒரே ஒரு வார்த்தை. ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பாவை வேகவைத்து வடிக்கிறோம், அந்தக் கொதிக்கும் கஞ்சியை அப்படியே சிங்க்கில் சாய்க்கிறோம். பின்னாலேயே அண்டா கழுவிய கொழுப்பு வருகிறது. சூடு பி.வி.சி. மூட்டுகளுக்கு ஆகாது. ஆறியதும் கொழுப்பு குழாய்ச் சுவரில் ஒட்டி உறையும். லண்டன் வைட்சேப்பல் பகுதியில் 2017-இல் இப்படிச் சேர்ந்த கொழுப்புக் கட்டி ஒன்றின் எடை 130 டன், நீளம் 250 மீட்டர். அவர்கள் பிரியாணி கூடச் சாப்பிடவில்லை! அண்டாவை முதலில் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

மேடைக்குப் பின்னால் பார்க்க இன்னும் ஓர் இடம் பாக்கி, அது மேலே இருக்கிறது. மொட்டை மாடிக்கு வாங்க. செப்டிக் டேங்கிலிருந்து சுவரோரமாக ஏறி வந்து நிற்கிறதே ஒரு குழாய், தலையில் தொப்பியோடு, அதுதான் வென்ட் பைப். கீழே சேரும் வாயு இதன் வழியாக ஊர் தலைக்கு மேலே போக வேண்டும். இது அடைத்துக்கொண்டால் வாயு உங்கள் டிராப்புகளைத் தள்ளிப் பார்க்கத் தொடங்கும். தொப்பியில் குருவிக் கூடு, சிலந்தி வலை இருக்கிறதா என்று பாருங்கள். கொசுவலைக் கம்பி கிழிந்திருந்தால் மாற்றுங்கள், செப்டிக் டேங்க் கொசுக்களுக்கு அதுதான் வாசல். இதன் உயரத்துக்கும் இந்தியத் தரநிலை இருக்கிறது: குறுக்களவு குறைந்தது 50 மில்லிமீட்டர், டேங்க் கட்டடத்திலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் குழாய் கட்டட உச்சிக்கு மேல் 2 மீட்டர் நிற்க வேண்டும். வேலூரிலும் ஆம்பூரிலும் எந்த வீட்டு டேங்க் 15 மீட்டர் தள்ளி இருக்கிறது? எல்லாம் வாசற்படிக்கு அடியில்தான்.

இங்கேதான் தெருச் சண்டையே பிறக்கிறது. பக்கத்து வீட்டு பாய் ஒற்றை மாடி கட்டியபோது அவருடைய வென்ட் பைப் சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. நீங்கள் மேலே ஒரு மாடி எழுப்பினீர்கள், காற்றோட்டத்துக்கு என்று பெரிய ஜன்னல் வைத்தீர்கள், இப்போது அந்தக் குழாயின் வாய் உங்கள் தலையணைக்கு நேர் எதிரே. குழாயை நீட்ட வேண்டியது அவரா, நீங்களா? பத்தடி பி.வி.சி. பைப்பும் ஒரு கப்லிங்கும் இரண்டு கிளாம்பும் சேர்த்தால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. போன ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து உங்களுக்குப் பிரியாணி வந்ததா இல்லையா என்று ஞாபகப்படுத்திப் பார்த்துவிட்டு, அந்த ஆயிரத்தை யார் போடுவது என்று பேச்சைத் தொடங்குங்கள்.